செயலிக்கும் சாக்கு எடை உண்டு

மூட்டை வாங்கினால் சாக்கு எடையைக் கழிக்காமல் நாம் பணம் கொடுப்பதில்லை. செல்போனில் ஏற்றும் ஆர்டர் செயலிக்கு மட்டும் எடை கேட்பதே இல்லை.

பொம்மையார்பாளையத்தில் என் மளிகைக் கடையில் இருப்பது பழைய ஆண்ட்ராய்டு போன். மொத்த வியாபாரி ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செயலியை ஏற்ற, பேரனின் படங்களை அழிக்க வேண்டியதாயிற்று. அது திறப்பதற்குள் உப்பு வாங்க வந்தவர் அடுத்த கடைக்குப் போய்விட்டார்.

விசாரித்தேன். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் ஒரே நிரலில் செயலி செய்ய கூகுளின் ஃபிளட்டர், ஃபேஸ்புக் உருவாக்கிய ரியாக்ட் நேட்டிவ் போன்றவை இருக்கின்றன. செய்பவருக்கு வேலை மிச்சம். அதைக் குறை சொல்லவில்லை. கூகுள் பே செயலியே ஃபிளட்டரில் மாற்றி எழுதப்பட்டதுதான். ஆனால் ஃபிளட்டர், திரையில் வரைவதற்கான இயந்திரத்தையும் தன்னோடு சுமந்து வருகிறது. பலவகை சிப்புகளுக்கும் சேர்த்து ஒரே கோப்பாகக் கட்டினால், ஒவ்வொரு வகைக்கும் ஒரு இயந்திரம் உள்ளே இருக்கும்! நமக்கு வேண்டியது ஒன்றுதான். சிப் வாரியாகப் பிரித்துக் கட்டச் சொன்னாலே எடை நன்றாகக் குறையும். 2015இல் வந்தபோது ஃபேஸ்புக் லைட் ஒரு எம்.பி.க்கும் குறைவாக இருந்தது.

நம் கல்லாப்பெட்டி ஓரம் ஐபோன் எத்தனை இருக்கிறது? சங்கம் செயலி செய்யக் கொடுக்கும்போது விலைப்புள்ளியில் எடையையும் எழுதி வாங்க வேண்டும். உறுப்பினர் ஒருவரின் பழைய போனில் திறந்து காட்டிய பிறகே பாக்கிப் பணம்.