பட்டதாரிகள் பெருகிவிட்டார்கள் என்னும் புலம்பல்

"இத்தனை பேருக்கு எதற்கு பி.ஏ.வும் பி.எஸ்ஸி.யும்? ஆளுக்கொரு கைத்தொழில் கற்றுக்கொடுத்தால் நாடு முன்னேறாதா?" என்று கேட்போர் பெருகி வருகின்றனர். அவர்களுக்கு வாய்த்த ஆயுதம், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் தில்லி மனித வளர்ச்சி நிறுவனமும் 2024இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை. அதன்படி, 2022இல் பட்டம் பெற்ற இளைஞர்களிடையே வேலையின்மை 29.1 விழுக்காடு, எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே வெறும் 3.4 விழுக்காடு. ஆகவே இளங்கலைப் படிப்பு வீண் என்பது இவர்களது தீர்ப்பு.

இதைவிடப் பிழையான வாசிப்பு இருக்க முடியாது. எழுத்தறியாத ஏழைக்கு வேலையற்றிருக்கும் வசதியே கிடையாது. கிடைத்த கூலிக்குச் செங்கல் சுமந்தால்தான் அன்றிரவு உலை கொதிக்கும். அந்த 3.4 வளத்தின் அடையாளமன்று; வறுமையின் நிர்ப்பந்தம்.

29.1 என்பது கவலைக்குரிய எண்தான். வேலைகளைப் பெருக்காத பொருளாதாரத்துக்கு அதில் பெரும்பங்கு உண்டு. ஆனால் கல்வியின் பங்கைப் பேசுவதானால், படித்தவர்களின் தொகையை அல்ல, படிப்பு நடந்த வகுப்பறையைப் பார்க்க வேண்டும். கோத்தாரிக் குழு தன் அறிக்கையை 1966இல் அளித்தது. நாட்டு வருமானத்தில் 6 விழுக்காட்டைக் கல்விக்கு ஒதுக்கச் சொன்னது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் அதே 6 விழுக்காட்டை இலக்காகவே எழுதி வைத்தது. அரை நூற்றாண்டாக எட்டப்படாத எண் அது.

விளைவை அரசுக் கலைக் கல்லூரிகளில் காணலாம். நிரந்தரப் பேராசிரியர்கள் இருக்க வேண்டிய இடத்தில் கௌரவ விரிவுரையாளர்கள் நிற்கிறார்கள். ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை வழங்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் வழிகாட்டியது. 2022இல் தமிழ்நாட்டில் இவர்கள் பெற்றது அதில் பாதிகூட இல்லை. பெயரில் மட்டும் கௌரவம். ஆசிரியரை இப்படி வைத்துவிட்டு, மாணவனுக்குத் திறன் இல்லை என்று குறைகூற நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

கைத்தொழிலை நான் இழிவாகக் கருதவில்லை. ஆனால் ஓர் இயந்திரம் மாறினால் கைத்தொழில் ஒன்று காலாவதியாகும். புதிய தொழிலைக் கற்றுக்கொள்ளும் ஆற்றலை, ஒழுங்காக நடக்கும் இளங்கலை வகுப்பு தருகிறது. மென்பொருள் நிறுவனங்கள் பி.எஸ்ஸி. பட்டதாரிகளை எடுத்துத் தம் பணிக்குப் பயிற்றுவிக்க முடிவது இதனால்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இளங்கலை வேண்டாம் என்போர் எவரும் தம் பிள்ளைகளைக் கல்லூரியிலிருந்து நிறுத்துவதில்லை. அறிவுரை எல்லாம், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறும் பெண்ணுக்கும் பையனுக்குமே. அவர்கள் வந்துசேர்ந்த வேளையில் கதவைச் சாத்துவதற்குப் பொருளாதாரம் என்று பெயர் சூட்ட வேண்டாம்.