செட்டு மாத்திரையை நிறுத்துங்கள்: சித்தையன்கோட்டை மக்களின் கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும், பொது சுகாதாரத் துறைக்கும், திண்டுக்கல் மாவட்ட நிர்வாகத்துக்கும்:

நாள் முழுக்கக் குனிந்து நாற்று நட்ட பெண், விடிந்தால் மறுபடி வயலில் இறங்கியாக வேண்டும். மெடிக்கலில் "உடம்பு வலிக்கு ஒரு செட்டு குடுங்க" என்கிறார். காகிதப் பொட்டலத்தில் வெள்ளையும் மஞ்சளுமாக நாலைந்து மாத்திரைகள் வருகின்றன. பெயர் இல்லை, காலாவதித் தேதி இல்லை, ரசீதும் இல்லை. வலி விட்டுவிடுகிறது. அதனால்தான் அடுத்த வாரமும் வாங்குகிறார்.

ஒன்று டைக்ளோஃபினாக்காக இருக்கலாம். இன்னொன்று டெக்ஸாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டாக இருக்கலாம். இரண்டுமே அழற்சியை அடக்குபவை. சேர்ந்து உள்ளே போனால் வயிற்றில் புண்ணும் ரத்தக்கசிவும் வரும் ஆபத்து கூடுகிறது. வெயிலில் நீர் வற்றிய உடம்பில் வலி மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கிறது. சில வகைப் பிரஷர் மாத்திரை சாப்பிடுபவருக்கு இன்னும் மோசம். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், எலும்பை மெலிய வைக்கும். நெடுநாள் எடுத்தவர் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. பொட்டலத்தில் என்ன இருந்தது என்றே தெரியாதவர், அதைச் சட்டென்று நிறுத்தக்கூடாது என்று எப்படி அறிவார்?

இந்த மருந்துகளே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. 2020-இல் வென்டிலேட்டரில் இருந்த கொரோனா நோயாளிகளின் இறப்பை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தது இதே டெக்ஸாமெத்தசோன்தான். மருத்துவர் அளவு சொல்லி, நாள் சொல்லிக் கொடுத்த மருந்து அது.

ஆகவே, பெயரில்லாத பொட்டல விற்பனையை மாவட்டம் முழுவதும் உடனே நிறுத்துங்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் இவை போன்ற அட்டவணை எச் மருந்துகளை விற்கக்கூடாது என்று 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளே சொல்கின்றன. புதுச் சட்டம் கேட்கவில்லை; இருப்பதை நடைமுறைப்படுத்துங்கள். மருந்தின் பெயரும் தேதியும் அச்சிட்ட அட்டையும் ரசீதும் எங்கள் கைக்கு வர வேண்டும்.

மருந்து ஆய்வாளர் கடைகளுக்கு முன்னறிவிப்பின்றி வர வேண்டும்.

ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க முடியாததால்தான் ஜனங்கள் கடைக்குப் போகிறார்கள். வேலை முடிந்து வருகிற நேரத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் இருக்கட்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டப் பணியாளர்கள் வீட்டுக்கு வரும்போது பிரஷர், சர்க்கரையோடு வலி மாத்திரை பற்றியும் கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். அடிக்கடி சாப்பிடுபவருக்குச் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பரிசோதனையை இலவசமாகச் செய்து தாருங்கள்.

மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக், செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றது தெரிந்ததும், 2006-இல் கால்நடைகளுக்கான அந்த மருந்தின் தயாரிப்பை நாடு தடுத்தது. சரியான முடிவு. அதே அவசரம் வயலில் நிற்கும் மனிதருக்கும் வேண்டும்.

எந்தத் துறை எதை, எந்தத் தேதிக்குள் செய்யும் என்று எழுத்தில் பதில் தாருங்கள். அது பேரூராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டப்பட வேண்டும்.

இப்படிக்கு,
சித்தையன்கோட்டை மற்றும் சுற்றுப்பட்டு ஊர்ப் பொதுமக்கள்,
ஆத்தூர் வட்டம்.