ஆண்டுக்கு ஒரு சோதனை போதுமா? மும்பை டேங்கர் நீர் எழுப்பும் கேள்வி

மும்பை: கிணறுகளுக்கு மத்திய நிலத்தடி நீர் ஆணையத்தின் தடையில்லாச் சான்று கோரி மாநகராட்சி நோட்டீஸ் அனுப்பியதை எதிர்த்து, 2025 ஏப்ரல் 10 அன்று மும்பை டேங்கர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். பேரிடர் மேலாண்மைச் சட்டத்தை மாநகராட்சி கையில் எடுத்த பின்னர், 14ஆம் தேதி போராட்டம் முடிவுக்கு வந்தது. நோட்டீஸும் ஜூன் 15 வரை நிறுத்திவைக்கப்பட்டது.

அந்நாட்களில் உரிமம் குறித்த பேச்சே ஓங்கி ஒலித்தது. டேங்கரில் வரும் நீரில் என்ன கரைந்திருக்கிறது என்ற கேள்வி பின்னுக்குப் போனது.

சான்று பெறுவோருக்கான 2020 வழிகாட்டுதல்களில் நீரின் தரமும் இடம்பெற்றுள்ளது. ஆண்டுதோறும் ஏப்ரல் அல்லது மே மாதத்தில் மாதிரி எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். சிக்கல் இங்குதான் உள்ளது. மும்பையில் பருவமழை ஜூனில் தொடங்குகிறது. தாராவியை ஒட்டி மித்தி ஆறும் மாகிம் கழிமுகமும், செம்பூரை ஒட்டி மாகுல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும் அமைந்துள்ளன. இத்தகைய கடலோர நிலத்தில், கோடையில் எடுத்த ஒரு மாதிரி ஆகஸ்ட் மாதக் கிணற்றைப் பற்றி என்ன சொல்லிவிடும்?

மாதிரி எடுப்பதிலும் நுணுக்கம் உண்டு. கிணற்றில் தேங்கிய நீரை முதலில் இறைத்து வெளியேற்ற வேண்டும். மின் கடத்துதிறன் அளவு நிலைபெற்ற பிறகே புட்டியை நிரப்ப வேண்டும். வெளியே வந்த நீரிலிருந்து கரியமில வாயு பிரிந்தால் பிஎச் அளவு உயரும். காற்று பட்டால் இரும்பு படிந்துவிடும். எனவே வெப்பநிலை, பிஎச், கடத்துதிறன், கரைந்த ஆக்சிஜன் ஆகியவற்றைக் கிணற்றடியிலேயே அளக்க வேண்டும். உலோகச் சோதனைக்கான மாதிரியில் நைட்ரிக் அமிலம் சேர்ப்பதும், மற்றவற்றைப் பனிக்கட்டியில் வைப்பதும் அவசியம். இவை தவறினால் ஆய்வக அறிக்கை துல்லியமாகத் தோன்றும். ஆனால் அது கிணற்று நீரைப் பற்றியதாக இராது.

நாடு முழுவதும் 15,259 இடங்களில் எடுத்த மாதிரிகளில் 19.8 சதவீதத்தில் நைட்ரேட், வரம்பான லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டியிருந்ததாக மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024 அறிக்கை கூறுகிறது. கழிவுநீர்க் கசிவும் நைட்ரேட்டுக்கு ஒரு காரணம் என்பதால், நெரிசல் மிகுந்த குடியிருப்புகள் இதைப் புறக்கணிக்க இயலாது.

கடத்துதிறன் மானி அரிய கருவி அன்று. இறால் பண்ணைகளிலும் புழங்குவதுதான். மாட்டுங்காவில் ஒரு குடியிருப்புச் சங்கம் டேங்கர் வந்தவுடன் அளந்து குறித்துவந்தால், உப்பு திடீரென ஏறுவது அன்றே தெரியும். கிருமிகளையும் பெட்ரோலியக் கசிவையும் அந்த மானி காட்டாது. அவற்றுக்கு ஆய்வகமே வழி.