பாற்பல்லும் பெற்றோர் கடமையும்



சில மாதங்களுக்கு முன்னர், ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அய்யலூரைச் சேர்ந்த இளந்தந்தை ஒருவர் நம்மை அணுகினார். “சாமி, மகனுக்குப் பாற்பல் ஆடுகிறது. அதை உறைய வைத்துக் காத்தால் பிற்காலத்தில் வரும் நோய்க்கெல்லாம் மருந்தாகுமாம். வியாழக்கிழமைச் சந்தையில் இரண்டு ஆடுகளை விற்றுப் பணம் கட்டலாமா? கட்டாவிட்டால் பிள்ளைக்குத் துரோகம் செய்தவன் ஆவேனோ?” என்றார்.

விழுந்த பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிந்து வளர்ந்தவர்கள் நாம். ஆகவே இக்கேள்வி நமக்கு வியப்பளித்தது. ஆயினும் இதில் உண்மை இல்லாமல் இல்லை. பல்லின் மேற்புறம் கல்லைப் போன்றதாயினும், அதன் நடுவே குருதிக் குழாய்களும் நரம்பும் கொண்ட உயிருள்ள கூழ் உண்டு. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் பணியாற்றிய சோங்தாவோ ஷி என்னும் அறிஞர், தம் மகளின் பாற்பல்லைக் கண்டு எழுந்த ஐயத்தால் ஆராயத் தொடங்கினார். அக்கூழில் பலவகைத் திசுக்களாக வளரவல்ல மூல உயிரணுக்கள் இருப்பதை 2003-ஆம் ஆண்டு வெளியிட்டார்.

அவற்றை உறைய வைத்தல் என்பது வீட்டுக் குளிர்ப்பெட்டியில் வைப்பதன்று. அங்கே உயிரணுவிலுள்ள நீர் ஊசிபோன்ற பனிப் படிகங்களாகி அதனைச் சிதைத்துவிடும். ஆதலால் பாதுகாப்புத் திரவத்தில் இட்டு, மெல்ல மெல்லக் குளிர்வித்து, இறுதியில் சுழியத்திற்குக் கீழே 196 பாகைக் குளிரில் திரவ நைட்ரஜனில் வைக்கின்றனர்.

இது பாவமா? அன்று. கருவிலுள்ள சிசுவை அழித்து உயிரணு எடுப்பதைத் திருச்சபை வன்மையாகக் கண்டிக்கிறது. கொடுப்பவருக்குப் பெருந்தீங்கு நேராத வழிகளையோ ஏற்றுக்கொள்கிறது. விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2008-இல் வெளியிட்ட ஏடு இதனைத் தெளிவாக்கியுள்ளது. தானே விழும் பல்லால் எவருக்குத் தீங்கு?

ஆனால் ஆகும் என்பது வேறு, கட்டாயம் என்பது வேறு. சீன மருத்துவர்கள் பாற்பல்லின் உயிரணுக்களைக் கொண்டு, அடிபட்ட சிறுவர் பற்களில் கூழை மீண்டும் வளர்த்ததாக 2018-இல் அறிவித்தனர். அஃது ஓர் ஆய்வு, அதுவும் பல்லுக்கே. எல்லா நோய்க்கும் மருந்து என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வகுத்த நெறிமுறை, தொப்புள்கொடிக் குருதியைச் சேமிக்க மட்டுமே இடமளித்தது. பல் முதலியவற்றை வணிக முறையில் சேமிக்க இசையவில்லை.

ஆகவே அத்தந்தையிடம், “ஆடுகளை விற்காதீர். அவை பிள்ளைக்குப் பாலும் படிப்பும் தரட்டும்” என்றோம். அச்சத்தை விதைத்துப் பணத்தை அறுவடை செய்வோர் பேச்சுக்குப் பெற்றோர் மனச்சான்று அடிமையாக வேண்டுவதில்லை.

பொருட்செலவின்றிக் காக்கத்தக்க பல் ஒன்று உண்டு. விளையாடும்போது சிறுவரின் நிலைப்பல் வேரோடு பெயர்ந்து விழுந்தால், வேரைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்து எடுத்து, தேய்க்காமல், பாலில் இட்டு உடனே பல் மருத்துவரிடம் விரையுங்கள். அரை மணிக்குள் பொருத்தினால் பெரும்பாலும் பிழைக்கும். பனிக்கட்டியில் உறைய விடாதீர்கள். பாற்பல்லாயின் மீண்டும் பொருத்தலாகாது.

நம் தலைமயிரையும் எண்ணி வைத்திருக்கும் வானகத் தந்தை, பற்றுச்சீட்டைக் கொண்டு பெற்றோரின் அன்பை அளப்பதில்லை. அம்மகனின் பல் கூரைமேல் போயிற்று. ஆடுகள் கொட்டிலிலேயே நிற்கின்றன.

இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக!