நோய் நீங்கியும் நீங்காத அச்சம்

 

பிள்ளையார்பாளையத்தில் தறியோசை ஓயாத தெரு ஒன்றில் வசிக்கும் சகோதரி ஒருவர், புற்றுநோய்ச் சிகிச்சை முடித்து, அல்லாஹ்வின் அருளால் நலமாக இருக்கிறார். ஆயினும் மறுபரிசோதனை நாள் நெருங்கினாலே அவருக்கு உறக்கம் போய்விடுகிறது. என் துணைவியாருடன் நலம் விசாரிக்கச் சென்றபோது, "ஹஜரத், என் ஈமானில் குறை வந்துவிட்டதோ?" என்று கண்கலங்கினார்.

"ஈமான் இருந்தால் பயம் எதற்கு?" என்று ஆறுதலாக எண்ணி நானும் பலரிடம் கூறியிருக்கிறேன். அது பழிச்சொல்லாகவே அவர்கள் நெஞ்சில் தைத்திருக்கும் என்பது அன்றுதான் விளங்கிற்று. அருமை மகன் யூசுஃப் (அலை) அவர்களைப் பிரிந்த துயரால் யஃகூப் நபி (அலை) அவர்களின் கண்களே வெளுத்துப்போயின. அவர்களது ஈமானைக் குறைகூற யாரால் இயலும்?

நோய் திரும்புமோ என்ற அச்சம் இயல்பானதே. அதனைத் தணிக்க மருந்தல்லாத வழிகளும் உண்டு. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் மற்றோர் அமைப்புடன் இணைந்து 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மூச்சிலும் நிகழ்கணத்திலும் மனத்தை நிறுத்தும் பயிற்சியை முதன்மையாகப் பரிந்துரைக்கிறது. சிகிச்சை முடிந்தவர்களுக்கு யோகப் பயிற்சியும் உதவக்கூடும் என்கிறது.

வீட்டிலேயே தொடங்கலாம். அமைதியாக அமர்ந்து, மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். ஃபஜ்ருக்குப் பின் சிறிது நேரம் நடந்து வாருங்கள். திக்ரையும் அவசரமின்றிப் பொருளுணர்ந்து ஓதுங்கள். அச்சம் அன்றாட வாழ்வையே குலைத்தால் உளநல ஆலோசகரை நாடுங்கள். 1954இல் தோன்றிய அடையாறு புற்றுநோய் நிலையத்தில் இதற்கென்றே தனிப்பிரிவு உள்ளது. மத்திய அரசின் 14416 என்ற தொலைபேசி எண்ணில் தமிழிலேயே இலவசமாக ஆலோசனை பெறலாம்.

இவை மனப்பதற்றத்தைத் தணிப்பவையே, புற்றுநோய்க்கு மருந்தல்ல. பரிசோதனையையும் சிகிச்சையையும் ஒருபோதும் கைவிடலாகாது. ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே தவக்குல் என்பது நபிவழியன்றோ!

நலம் விசாரிக்கச் செல்வோருக்கும் ஒரு வேண்டுகோள். உபதேசத்தைக் குறைத்து, செவியைக் கொடுங்கள். மறுபரிசோதனைக்குத் துணையாகச் செல்லுங்கள். அன்று நாங்கள் பேசியது சொற்பம். அச்சகோதரி பேசியதே அதிகம். விடைபெறும்போது அவர் முகத்தில் சிறு தெளிவு தெரிந்தது.

நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவையும் மன அமைதியையும் தந்தருள்வானாக! ஆமீன்.