நிற்கும் வண்டியும் நிறைந்த ஏரியும்

பொருளை ஈட்டுதல் ஓர் ஆற்றல். ஈட்டிய பொருளை வேண்டும் காலம் வரையில் காத்து வைத்தல் வேறோர் ஆற்றல். முன்னதனைப் பெற்றவர் எல்லாரும் பின்னதனைப் பெற்றவர் ஆகார். மாரியில் வெள்ளம் கரைபுரள ஓடிய ஊரிலேயே, கோடையில் மகளிர் குடம் சுமந்து நீருக்கு அலைவதைக் காண்கிறோம். பெய்த மழை குறைவன்று. தேக்கி வைக்கும் திறமே குறைவு.

நம் முன்னோர் இவ்வுண்மையை நன்கு உணர்ந்திருந்தனர். தமிழ்நாட்டின் பல பகுதிகளில் மழை ஆண்டு முழுதும் பெய்வதில்லை. ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் சில நாள் பெய்யும் பெருமழையே உழவனுக்கு ஓராண்டின் செல்வம். ஆதலின் அவர்கள் ஊர்தோறும் ஏரி எடுத்தார்கள், கரை உயர்த்தினார்கள், மதகு அமைத்தார்கள். வீரநாராயணன் என்னும் சிறப்புப் பெயர் பூண்ட முதற் பராந்தக சோழன் காலத்து எழுந்த வீராணம் ஏரி, ஆயிரம் ஆண்டு கடந்தும் வயலுக்கு நீர் தருகிறது. சென்னை மாநகரின் தாகத்தையும் தணிக்கிறது.

ஏரி எடுத்ததோடு அவர்கள் அமையவில்லை. அதனைப் பேணும் முறையையும் வகுத்தார்கள். அப்பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, ஏரி வாரியம் என்னும் குழுவைக் குறிப்பிடுகிறது. குடவோலை வழியாகத் தேர்ந்தெடுக்கப்பெற்றவர் அவ்வாரியத்தில் ஓராண்டு பணி புரிந்தனர். பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர்க்கு மீண்டும் அங்கே இடமில்லை. ஏரியின் நீர் பொது. அதன் கணக்கும் பொது என்பதே அவர்கள் கொண்ட கொள்கை.

இப்பழஞ்செய்தி ஈண்டு எதற்கு எனின், இந்நாளில் மின்சாரத்துக்கும் ஏரிகள் வேண்டியிருக்கின்றன. அவ்வேரிகள் சக்கரம் பூண்டு நம் வீதிகளில் வந்து நிற்கத் தொடங்கியும் விட்டன. அவற்றை நாம் எவ்வாறு ஆளல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள். தமிழ் கற்பித்தவனுக்கு மின்பொறியில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். பொறியை ஆக்குவது பொறியியல் அறிஞர் கடமை. அதன் பயன் யாரைச் சேர்தல் வேண்டும் என ஆராய்வது எல்லார்க்கும் உரிய கடமையன்றோ?

மின்கம்பியில் ஓடும் மின்சாரம் தேங்கி நிற்பதன்று. ஆக்கப்படும் அளவும் செலவாகும் அளவும் நொடிதோறும் ஒத்திருத்தல் வேண்டும். நம் நாட்டில் மின்னோட்டம் நொடிக்கு ஐம்பது முறை அலையுமாறு வரையறுத்துள்ளனர். செலவு மிகுந்தால் அவ்வலைவு குறையும். ஆக்கம் மிகுந்தால் அது கூடும். இரண்டும் தீங்கே. அளவு கடப்பின் பல ஊர்கள் ஒருங்கே இருளில் ஆழும்.

நிலக்கரியை எரித்து மின்சாரம் ஆக்கிய காலத்தில், தேவைக்கேற்ப உலையை ஏற்றவும் தணிக்கவும் இயன்றது. கதிரவனோ நம் ஏவலுக்கு அடங்குபவன் அல்லன். நண்பகலில் வாரி வழங்குவான். மாலையில் கை விரித்து விடுவான். நாமோ மாலையில்தான் விளக்கேற்றுகிறோம். வீட்டுக்கு வந்து மின்விசிறியைச் சுழற்றுகிறோம். கதிரொளி மின்சாரம் மிகுந்த கலிபோர்னியாவில், ஒரு நாளின் மின்தேவையிலிருந்து கதிரவனும் காற்றும் தருவதைக் கழித்துக் கோடு வரைந்து பார்த்தார்கள். அக்கோடு நண்பகலில் வயிறுபோலத் தாழ்ந்தது. மாலையில் கழுத்துப்போல நிமிர்ந்தது. அதன் வடிவு கண்டு, 2013ஆம் ஆண்டு முதல் அதனை ‘வாத்து வளைவு’ என்றே வழங்கலாயினர்.

இத்தொல்லை நமக்கும் புதிதன்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பர். முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் அக்காற்று எண்ணற்ற காற்றாலைகளைச் சுழற்றுகிறது. எனினும், வரும் மின்சாரத்தை ஏற்க வழியில்லாத நேரங்களில் அவற்றுட் சிலவற்றை நிறுத்தி வைக்கவும் நேர்கிறது. அறுவடைக் காலத்தில் களஞ்சியம் இல்லையெனக் கதிரை வயலிலேயே விட்டுவிடுவது போன்றது இச்செயல்.

களஞ்சியம் முற்றும் இல்லாமல் இல்லை. கோவை மாவட்டத்துக் கடம்பாறையில் 400 மெகாவாட் ஆற்றலுடைய நீரேற்று மின்நிலையம் ஒன்று உண்டு. 1987ஆம் ஆண்டில் அது தன் பணியைத் தொடங்கிற்று. மின்சாரம் மிஞ்சும்போது நீரைக் கீழிருந்து மேலணைக்கு ஏற்றுவர். தேவை மிகும்போது அந்நீரை இறக்கி மின்சாரம் ஆக்குவர். மிக நல்ல முறைதான். ஆயின் அதற்கு மலை வேண்டும். இரண்டு அணைகள் வேண்டும். காட்டின் ஒரு பகுதியை நீருக்குக் கொடுத்தல் வேண்டும். நினைத்த இடமெல்லாம் கடம்பாறை ஆகாது.

இனி, மின்சார வண்டியை நோக்குவோம். ஒரு மின்சாரக் காரின் மின்கலம் நாற்பது, ஐம்பது யூனிட் மின்சாரத்தைக் கொள்ளும். சிலவற்றின் கொள்ளளவு இன்னும் மிகுதி. நாளொன்றுக்கு எட்டு யூனிட் செலவிடும் ஒரு வீட்டிற்கு, நாற்பது யூனிட் ஐந்து நாளைக்குப் போதும். அத்தகைய காரோ ஒரு நாளில் ஓரிரு மணி நேரமே ஓடுகிறது. எஞ்சிய நேரமெல்லாம் வீட்டு வாயிலிலும் அலுவலக நிழலிலும் வாளா நிற்கிறது. நிறைந்த ஏரியின் மதகை அடைத்து வைத்துக்கொண்டு, வயல் காய்கிறதே என்று வருந்துவது அறிவுடைமை ஆகுமா?

அம்மதகைத் திறக்கும் கருவிக்கே இருவழி மின்னேற்றி என்று பெயர். கம்பியில் வருவது மாறுதிசை மின்னோட்டம். மின்கலம் ஏற்பது நேர்திசை மின்னோட்டம். முன்னதைப் பின்னதாக மாற்றி வண்டிக்குள் செலுத்துவது எல்லா மின்னேற்றிகளும் செய்யும் தொழில். இருவழி மின்னேற்றி அதனோடு நில்லாது, மின்கலத்தில் உள்ளதை மீண்டும் மாறுதிசை மின்னோட்டமாக்கி வீட்டிற்கோ ஊரின் மின்கட்டமைப்பிற்கோ திருப்பித் தருகிறது. நண்பகலில் மின்சாரம் மிஞ்சும்போது வண்டி வாங்கிக்கொள்ளும்; மாலையில் முட்டுப்பாடு நேரும்போது திருப்பிக் கொடுக்கும்.

இஃது இன்று நேற்றுத் தோன்றிய கருத்தன்று. 1997ஆம் ஆண்டிலேயே வில்லட் கெம்ப்டன், ஸ்டீவன் லெட்டெண்ட்ரே என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், மின்சார வண்டிகள் மின்துறைக்கு ஒரு புதிய ஆற்றல் ஊற்றாகும் என ஆய்வுரை எழுதினர். ஆயினும், அறிஞர் எழுத்தைவிட இடுக்கணே மக்களுக்கு விரைந்து பாடம் புகட்டும். 2011ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஜப்பான் நாட்டின் வடகிழக்குப் பகுதியை நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கின. பெட்ரோல் கிடைப்பது அரிதாயிற்று. மின்சாரமோ பல இடங்களில் அதற்கு முன்பே மீண்டது. அவ்வேளையில் மின்சார வண்டிகள் துயர் துடைக்கும் பணிக்கு உதவின. சக்கரத்தைச் சுழற்றும் மின்சாரம் விளக்கையும் ஏற்றலாமே என்னும் எண்ணம் வலுப்பெற்றது. மறு ஆண்டிலேயே, காரிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் தரும் கருவி அந்நாட்டில் விற்பனைக்கு வந்தது. 2019ஆம் ஆண்டு செப்டம்பரில் பெரும்புயல் ஒன்று சீபா மாநிலத்தையும் அதனைச் சூழ்ந்த பகுதிகளையும் அலைத்தபோது, ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் மின்சாரம் இழந்தன. அப்போது மின்சாரக் கார்கள் அங்கே அனுப்பப்பெற்று, இருண்ட இடங்களுக்கு மின்சாரம் அளித்தன. புயலை ஆண்டுதோறும் எதிர்நோக்கும் நம் கடற்கரை மாவட்டத்தார் இதனைக் கருத்திற்கொள்ளல் வேண்டும்.

மாணவர்களே, உங்களுக்கு இன்னும் அணித்தான சான்று ஒன்று உண்டு. கலிபோர்னியாவில் ஓக்லாந்து என்னும் நகரின் பள்ளித் துறையினர், 2024ஆம் ஆண்டில் தம் மாணவர்க்கென ஓடும் பேருந்துகள் 74-ஐயும் மின்சாரப் பேருந்துகள் ஆக்கி, அவற்றை இருவழி மின்னேற்றிகளோடு இணைத்தனர். இதன் பொருத்தத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். பள்ளிப் பேருந்து காலையில் ஓடும், நண்பகலில் நிற்கும், பிற்பகலில் மீண்டும் ஓடி, மாலையில் ஓய்ந்து விடும். கதிரவன் வாரி வழங்கும் வேளையும் பேருந்து வாளா நிற்கும் வேளையும் ஒன்று. ஊருக்கு மின்சாரம் வேண்டும் வேளையும் பேருந்து பணி முடித்த வேளையும் ஒன்று. கோடை விடுமுறையிலோ முழு நாளும் அது மின்சாரக் களஞ்சியமாகவே இருக்கலாம். நகரப் பேருந்துக்கு இவ்வாய்ப்பு இல்லை. சென்னையில் 2025ஆம் ஆண்டு சூன் திங்களில் ஓடத் தொடங்கிய மின்சாரப் பேருந்துகள், மின்தேவை மிகும் மாலையில் மக்களைச் சுமந்து ஓடுதல் வேண்டும். இருசக்கர வண்டிகளின் மின்கலமும் சிறிது. இரண்டு மூன்று யூனிட்டே கொள்ளும். ஆதலின் நம் நாட்டில் இம்முறையைப் பள்ளி, கல்லூரிப் பேருந்துகளிலிருந்து தொடங்குதல் தக்கது என்பது என் கருத்து.

இம்முறையைக் குறை கூறுவாரும் உளர். அவர் கூற்றுகளையும் செவிமடுத்தல் வேண்டும். ‘ஏற்றி இறக்க ஏற்றி இறக்க மின்கலம் தேயுமே’ என்பர் சிலர். அது மெய்யே; ஆயினும் முழு மெய் அன்று. மின்கலம் முற்றும் நிறைந்த நிலையிலேயே நெடுநாள் நிற்பதும் அதற்குத் தீங்கு; முற்றும் வற்றுவதும் தீங்கு. இவ்விரண்டுக்கும் இடையே அளவாக ஏறி இறங்கினால் தேய்வு குறையும். ‘ஏற்றும்போதும் இறக்கும்போதும் மின்சாரம் வீணாகுமே’ என்பர் வேறு சிலர். ஆம்; நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரையில் வெப்பமாகக் கழியும். ஏரி நீரிலும் ஒரு பகுதியை வெயில் குடிக்கிறது. அதற்காக எவரும் ஏரியைத் தூர்ப்பதில்லை. ஆனால் இத்தேய்வுக்கும் இழப்புக்கும் உரிய விலை வண்டிக்காரருக்குக் கிடைத்தல் வேண்டும். விலை கொடாமல் உதவி கேட்பது உதவி கேட்பது ஆகாது, பறிப்பதாகும்.

இன்னும் ஓர் இடர் உண்டு. அஃது உயிரைப் பற்றியது. மின்சாரம் நின்ற வேளையில், கம்பத்தின்மேல் ஏறிப் பழுது பார்ப்பவர் கம்பியில் மின்னோட்டம் இல்லை என்று கருதிக் கை வைப்பார். அப்போது ஒரு வீட்டு வண்டியின் மின்சாரம் தெருக்கம்பியிற் பாயுமாயின் அவர் உயிருக்கே உலை வைக்கும். ஆதலின், தெருவில் மின்சாரம் நின்றவுடன் வீட்டைத் தெருக்கம்பியினின்றும் தானே பிரிக்கும் அமைப்பு இல்லாத கருவியை எவரும் பொருத்துதல் கூடாது. நாமே கம்பியை முறுக்கி இணைத்துக்கொள்ளலாம் என்னும் துணிவு பெருங்கேட்டில் முடியும்.

இனி, இப்பொருளின் நடுநாடியைத் தொடுவோம். ஏரிக்கும் வண்டிக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. ஏரி ஊருக்குப் பொது. வண்டி ஒருவருக்கு உரியது. அவர் தம் பொருளில் உள்ளதை ஊர் கேட்கிறது. அங்ஙனமாயின், மதகின் திறவுகோல் யார் கையில் இருத்தல் வேண்டும்? வண்டி செய்யும் நிறுவனத்தின் கையிலா? மின்னேற்றி விற்பவர் கையிலா? மின்துறையின் கையிலா?

உரியவர் கையிலேயே இருத்தல் வேண்டும் என்பேன். ‘என் வண்டியில் பாதிக்குக் கீழ் எடுத்தல் ஆகாது, காலை ஆறு மணிக்கு அது நிறைந்திருத்தல் வேண்டும்’ என்று அவர் வரம்பிடலாம். நள்ளிரவில் பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் தேவை நேரின், வண்டி வறிதே நின்றது என்னும் நிலை வரலாகாது. அடுத்து, எல்லா வண்டியும் எல்லா மின்னேற்றியோடும் பொருந்துதல் வேண்டும். இதற்கான அனைத்துலகத் தரமொன்று 2022ஆம் ஆண்டில் வெளியாகியுள்ளது. அவரவர் விருப்பம்போல் பூட்டும் திறவுகோலும் செய்து மக்களைத் தம் கடைக்கே அடிமையாக்கும் வணிகத்துக்கு இடம் தரலாகாது.

வண்டியில்லாத எளியோர் நிலை யாது? மாலையில் மின்சாரம் போதாதபோது மின்துறை அதனை மிகுந்த விலைக்கு வாங்குகிறது. அச்செலவு, இறுதியில் ஒரே விளக்கு எரியும் குடிலின் தலையிலும் ஒரு பங்கு விழுகிறது. வண்டிகளின் உதவியால் அச்செலவு குறையுமாயின், அக்குறைவில் அக்குடிலுக்கும் பங்கு வேண்டும். காருடையார் மட்டும் ஊதியம் பெற்று, காரில்லார் கட்டணம் மட்டும் செலுத்துவது நடுவுநிலை ஆகாது. நெதர்லாந்து நாட்டு உட்ரெக்ட் நகரில் 2025ஆம் ஆண்டில் இம்முறையைத் தொடங்கியவர்கள், பலரும் மாறி மாறி எடுத்தோட்டும் பகிர்வுக் கார்களைக் கொண்டே தொடங்கினர். தனக்கென ஒரு காரில்லாதவரும் பயன்படுத்தும் வண்டியே அங்கு ஊரின் மின்னேரி ஆயிற்று. பொது வண்டியை முன்னிறுத்துவதன் சிறப்பு இதனால் விளங்கும்.

பெயர் எத்தனை முறை மாறினும் நம் மக்கள் மின்துறையை இன்றும் ‘மின்வாரியம்’ என்றே வழங்குகின்றனர். வாரியம் என்னும் அச்சொல், உத்தரமேரூரில் ஏரியைப் பேணியவர் பூண்ட பெயர். பெயரை ஏற்றோம், அப்பெயரின் ஒழுக்கத்தையும் ஏற்றல் வேண்டும். எவ்வளவு மின்சாரம் எவ்வண்டியிலிருந்து எடுக்கப்பட்டது, அதற்கு என்ன விலை தரப்பட்டது, ஊருக்கு மிஞ்சியது எவ்வளவு என்னும் கணக்கு ஒளிவின்றி அனைவருக்கும் வெளியாதல் வேண்டும்.

மாணவர்களே, நீங்கள் வளர்ந்து பொருளீட்டும் காலத்தில் மின்சார வண்டிகள் இன்னும் பெருகும். வண்டி வாங்கச் செல்லும்போது, ‘இஃது எத்துணை விரைவாக ஓடும்?’ என்று மட்டும் வினவாதீர்கள். ‘இது வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கவும் வல்லதோ? கொடுத்ததற்குக் கணக்கு வைப்பவர் யார்?’ என்றும் வினவுங்கள். அவ்வினாக்கள் பலர் வாயில் எழுமாயின், விடை தந்தே தீரவேண்டிய கடமை ஆள்வோர்க்கும் வணிகர்க்கும் உண்டாகும். கரையும் மதகும் முறையும் ஒருங்கே அமைந்தால்தான் ஏரி. முறை இல்லையேல் அது வலியவன் வயலுக்கு மட்டும் பாயும் வாய்க்கால்.