குடலுக்கு மருந்து, நெஞ்சில் இருமல்: என்ன தொடர்பு?

வறட்டு இருமல் வந்தா பெங்களூரு தூசியையும் ஆபீஸ் ஏசியையும் திட்டுவோம். ஆனால் கிரோன்ஸ், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் போன்ற குடல் அழற்சி நோய்களுக்கு நீங்கள் மருந்து எடுப்பவர் என்றால், அந்த மருந்தையும் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் இயங்கும் பயோகான் பயாலஜிக்ஸின் 'யெசின்டெக்' ஊசியையே பாருங்கள். உஸ்டெகினுமாப் மருந்தின் பயோசிமிலரான இது, 2025 பிப்ரவரியில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. உஸ்டெகினுமாபின் எச்சரிக்கைக் குறிப்பிலேயே, கிருமித்தொற்று இல்லாத நிமோனியா இருக்கிறது. 1 முதல் 3 டோஸுக்குப் பிறகு இருமல், மூச்சுத்திணறல். அரிதுதான். மருந்தை நிறுத்தியதும் நோயாளிகள் தேறினார்கள். சிலருக்கு ஸ்டீராய்டும் தேவைப்பட்டது. பழைய மெசலசின் மாத்திரையாலும் அபூர்வமாக இப்படி நுரையீரல் அழற்சி வரும்.

நம்ம ஊரில் சிக்கல் வேறு. இன்ஃப்ளிக்ஸிமாப், அடாலிமுமாப் ஊசிகள் உடலில் தூங்கும் காசநோயை எழுப்பிவிடலாம். உலகக் காசநோயாளிகளில் சுமார் கால்வாசிப் பேர் இந்தியாவில்தான். இரண்டுக்கும் அறிகுறி இருமல், சிகிச்சையோ நேர்மாறு. காசநோயை வெறும் அழற்சி என்று நினைத்து ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் நோய் முற்றும். ஊசி தொடங்கும் முன் டிபி பரிசோதனை கேட்பது இதனால்தான்.

மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். இருமலுக்குப் பார்க்கும் டாக்டரிடம் குடல் மருந்தின் பெயரையும் சொல்லிடுங்க, அவர் கேட்காவிட்டாலும்.